பகடை உருட்டி விசித்திரத் தீவு: ஒட்டாத துண்டுகளை ஒட்டவைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் குழுவில் ஐந்து பேர். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி வாரம் ஒருமுறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டில் இப்போது கடல்பயணக் கதை ஓடுகிறது. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். வாரத்துக்கு ஒரு புதுத் தீவு வேண்டும் என்பதால் பகடை உருட்டி, விழும் எண்ணுக்குரிய வரியை எடுக்கும் அட்டவணைகளை நம்பியிருக்கிறேன். மேல்நோக்கிப் பாயும் அருவி, பேசும் ஆடு, கண்ணாடிக் கோபுரம் என்று ஏதேதோ வருகிறது, ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஆட்டக்காரர்களும் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தீவுக்குக் கப்பலைத் திருப்பிவிடுகிறார்கள். தயாரிக்க எனக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அட்டவணைகளில் பிழை இல்லை. நீங்கள் அதிக முறை உருட்டுகிறீர்கள். அருவி, ஆடு, கோபுரம் என்று மூன்று விசித்திரங்கள் ஒரே இடத்தில் வந்தால் மூன்றும் அலங்காரமாகிவிடும். எதைப் பற்றியும் கேள்வி கேட்க ஆட்டக்காரருக்குத் தோன்றாது. ஒரு தீவுக்கு ஒரு விசித்திரம் போதும். மற்றதெல்லாம் அதன் விளைவாக இருக்க வேண்டும். தீவு எதனால் ஆனது, அங்கே இயற்கையின் எந்த ஒரு விதி பிசகியிருக்கிறது, இப்போது அங்கே எது மாறிக்கொண்டிருக்கிறது: இந்த மூன்றையும் பகடை சொல்லட்டும். மீதியை நீங்கள் யோசித்து எழுதுங்கள். உருட்டுவதற்கு 5 நிமிடம், யோசிக்க 15, வரைபடத்துக்கு 10 என்று பிரித்துக்கொண்டால் உங்கள் அரை மணி நேரம் தாராளம்.

முதலில் உடம்பு, அதாவது தீவு எதனால் ஆனது. ஒரு ஆறுமுகப் பகடை: 1 எரிமலை, 2 பவளத்தீவு, 3 பெருநிலத்திலிருந்து பிரிந்த துண்டு, 4 மணல்திட்டு, 5 சுண்ணாம்புப் பாறை, 6 நிலமே அல்லாத ஒன்று (ஒரு பிராணியின் முதுகு, மிதக்கும் நுரைக்கல், ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட கப்பல் சிதைவுகள்). இது வெறும் வர்ணனை என்று நினைத்துப் பலர் தாண்டிப் போகிறார்கள். உண்மையில் குடிநீர் எங்கே, கப்பல் எங்கே நிற்கும், ஊர் எங்கே இருக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்த ஒரு எண்தான். எரிமலைத் தீவில் ஓடைகள் உச்சியிலிருந்து நாலா பக்கமும் இறங்கும், மண் வளமானது, கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். சுண்ணாம்புத் தீவில் மழைநீர் தரைக்குள் இறங்கிவிடும் என்பதால் மேலே ஆறு இருக்காது, குகைக்குள்தான் தண்ணீர். பவளத்தீவில் தரை கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கும். எரிமலை மெல்ல அமிழ, அதைச் சுற்றி வளர்ந்த பவளம் மட்டும் வளையமாக மிஞ்சுவதால் இப்படித் தீவுகள் உண்டாகின்றன என்று 1842இல் டார்வின் விளக்கினார். அந்த வளையத்துக்குள் கப்பல் நுழைய ஓரிரு இடைவெளிகளே இருக்கும், அவையும் பெரும்பாலும் காற்று மோதாத பக்கத்தில். அந்த வாயிலை யார் காவல் காக்கிறார்கள் என்று கேட்டாலே ஒரு காட்சி கிடைத்துவிடும்.

பவளத்தீவு வந்தால் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். இதைவிட நல்ல கதைப்பொருள் கிடைப்பது அரிது. மண்ணுக்குள் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கும். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே ஏறக்குறைய 20 மீட்டர் ஆழம் வரை நன்னீர். விகிதம் 1க்கு 40. இறைக்க இறைக்க, மேலே 10 செ.மீ. குறைந்தால் அடியிலிருந்து உப்பு 4 மீட்டர் ஏறும். இப்போது உங்கள் ஆட்டக்காரர்களின் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 40 மாலுமிகள், ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், 30 நாள் பயணம் என்றால் 4,800 லிட்டர் வேண்டும். அவ்வளவையும் ஊர்க் கிணற்றிலேயே இறைத்தால் ஊர் வாய்க்கு உப்புதான் மிஞ்சும். பீப்பாயைத் தூக்கிக்கொண்டு இறங்குபவர்களை ஊரார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்குத் தனி அட்டவணை தேவையே இல்லை.

கரையோரத்தை வரைய ஒரு தாம்பாளத் தட்டில் தாளை விரித்து, எட்டு ஆறுமுகப் பகடைகளை ஒரு சாண் உயரத்திலிருந்து மொத்தமாகப் போடுங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் ஓரத்துக்கு ஓடிவிடும், நடுவில் ஒன்றும் மிஞ்சாது. வெளிப்புறப் பகடைகளைச் சுற்றிக் கோடு இழுத்தால் அதுதான் கரை. பகடையில் தெரியும் எண் அந்த இடத்தின் உயரம்: எரிமலைக்கு 150 மீட்டரால் பெருக்குங்கள், சுண்ணாம்புக்கு 30ஆல், மணல்திட்டுக்கு அரை மீட்டரால். பவளத்தீவுக்கு உயரம் பார்க்க வேண்டாம். 1 விழுந்த இடங்களை வளையத்தின் இடைவெளியாக வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் வரைபடம் தரும் இணையதளங்களும் உண்டு. கரைக்கு அவை நன்றாகவே உதவும். விளைவுகளை அவற்றிடம் கேட்காதீர்கள்.

அடுத்தது விசித்திரம். இரண்டு நிறத்தில் இரண்டு ஆறுமுகப் பகடைகள் வேண்டும். முதல் நிறம் எது பிசகியது என்று சொல்லும்: 1 தண்ணீர், 2 நிழல், 3 ஒலி, 4 எடை, 5 நினைவு, 6 இறந்தவர்கள். இரண்டாம் நிறம் எப்படிப் பிசகியது என்று சொல்லும்: 1 தாமதமாக வருகிறது, 2 திசை மாறுகிறது, 3 இரட்டிக்கிறது, 4 விலைக்கு விற்க முடிகிறது, 5 சிலருக்கு மட்டும் இல்லை, 6 எதையாவது கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கிறது. மொத்தம் 36 சேர்க்கைகள் (அட்டவணையில் 36 வரிகள்), ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு.

இங்கே ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. இரண்டு பகடைகளையும் கூட்டிப் படித்தால் 7 வர 36இல் 6 வாய்ப்பு, 2 வர ஒன்றே ஒன்று. 6, 7, 8 மூன்றும் சேர்ந்தே 44% பிடித்துக்கொள்ளும். வானிலைக்கும் காட்டில் எதிர்ப்படும் சாதாரண மிருகங்களுக்கும் அந்தக் கூட்டல் முறை பொருத்தமானது, ஏனென்றால் சாதாரணமானது அடிக்கடி வர வேண்டும். விசித்திரத்துக்கு அது வேண்டாம். சம வாய்ப்பிலும் சிக்கல் இருக்கிறது: 36 வரிகளில் எட்டுத் தீவு உருட்டினால் ஏதாவது ஒன்று திரும்ப வரும் வாய்ப்பு சுமார் 57%. ஆகவே வந்த சேர்க்கையை உடனே அடித்துவிடுங்கள். மறுபடி அதுவே வந்தால், அதற்கு அடுத்த அடிபடாத வரியை எடுங்கள்.

உதாரணமாக, உடம்புக்கு 2, விசித்திரத்துக்கு 3ம் 1ம் விழுகின்றன. பவளத்தீவு, ஒலி தாமதமாக வருகிறது. உடனே ஓர் எல்லை போடுங்கள்: கையெட்டும் தூரத்தில் பேச்சு உடனே கேட்கும், அதைத் தாண்டினால் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இந்த எல்லை இல்லாவிட்டால் ஆட்டக்காரர்களே ஒருவரோடொருவர் பேச முடியாமல் ஆட்டம் நின்றுபோகும். விளையாடுபவர்களின் கையைக் கட்டும் விசித்திரம் காகிதத்தில்தான் அழகு.

பிறகு மூன்று கேள்விகள். இதனால் ஊரார் தினசரி என்ன செய்கிறார்கள்? மணியும் சங்கும் உதவாது. கொடியாலும் கைச்சைகையாலும்தான் எல்லாம். இதனால் யாருக்கு லாபம்? ரகசியம் பேசிய இடத்தில் நாலடி தள்ளிப் பொறுமையாகக் காத்திருந்தால் அந்தப் பேச்சு வந்து சேரும். ஆக, காத்திருந்து கேட்டு விற்பதே சிலருக்குத் தொழில். எது விலக்கு? சபை கூடிய இடத்தில் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் நிற்கக் கூடாது. இப்போது கப்பல்காரர்கள் கிணற்றை எப்படிக் கைப்பற்றலாம் என்று தங்களுக்குள் பேசியது, அவர்கள் நகர்ந்த பிறகு அங்கே நின்ற ஒருவன் காதில் விழுகிறது. தண்ணீரும் ஒலியும் தாமாகவே ஒட்டிக்கொண்டன. இதே 3ம் 1ம் எரிமலைத் தீவில் விழுந்திருந்தால் ஊரே வேறு: மலையின் உறுமல் ஒரு மணி நேரம் பிந்திக் கேட்கும், ஆகவே வாசல்தோறும் தண்ணீர் நிறைத்த சட்டி இருக்கும், நீர் நடுங்கினால் ஊர் ஓடும்.

மூன்று கேள்விகளுக்கும் தலா ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் அந்தச் சேர்க்கையை ஒரே ஒருமுறை மாற்றி உருட்டலாம். இரண்டாம் முறையும் பிடிக்கவில்லை என்று மூன்றாவது உருட்டத் தொடங்கினால், பழக்கப்பட்ட தீவைத்தான் தேடுகிறீர்கள்.

பிராணிகளுக்குத் தனி விசித்திரம் உருட்டாதீர்கள். இயற்கையே அந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறது. தீவில் அகப்பட்ட பெரிய பிராணிகள் தலைமுறைகளில் சிறுக்கும், சிறியவை பெருக்கும். சிசிலியில் ஒரு காலத்தில் தோள் உயரம் ஒரு மீட்டர் அளவே இருந்த யானைகள் வாழ்ந்தன. இந்தியப் பெருங்கடலில் உள்ள அல்டாப்ரா தீவில் ராட்சத ஆமைகள் இன்றும் இருக்கின்றன. தீனி குறைவு, வேட்டையாடும் மிருகம் இல்லை என்பவை முக்கியக் காரணங்கள். பெருநிலத்து மிருகம் ஒன்றை எடுத்து அளவைப் புரட்டிவிட்டால் போதும். இன்னொன்று: தவளையும் அதன் முட்டையும் உப்புநீரைத் தாங்குவது அரிது என்பதால் நடுக்கடல் தீவுகளில் பெரும்பாலும் இயல்பாகத் தவளை இருப்பதில்லை. இரவில் தவளைச் சத்தம் கேட்டால், யாரோ அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பழுத்த மாலுமி ஒருவர் சொல்லட்டும்.

ஆட்டக்காரர்கள் கடந்து போய்விடுவதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. இறங்குவதற்கு முன் அவர்களுக்கு ஆசையோ அச்சமோ ஏற்படும்படி ஒன்றும் தெரியவில்லை. எனவே தூரத்தைக் கணக்கிடுங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கி.மீ. என்று வரும். 16 மீட்டர் பாய்மரத்தின் மேல் நிற்பவனுக்கு அது 14 கி.மீ. எதிரே 900 மீட்டர் மலை இருந்தால் அதற்குரிய 107ஐயும் கூட்டுங்கள்: 121 கி.மீ. தொலைவிலேயே, வானம் தெளிவாக இருந்தால், உச்சி தெரியும். மணிக்கு 5 கடல்மைல் போகும் கப்பலுக்கு அது 13 மணி நேரப் பயணம். அவ்வளவு நேரமும் நீங்கள் குறிப்புகள் தரலாம். 20 மீட்டர் தென்னை மட்டுமே நிற்கும் பவளத்தீவு 30 கி.மீ.க்குள் வந்தால்தான் கண்ணில் படும், கரைக்கு மூன்றரை மணி நேரம்கூட இல்லை. மலைத்தீவை மெதுவாக நெருங்கும் அச்சமாகவும் பவளத்தீவைத் திடீர்ச் சந்திப்பாகவும் நடத்துங்கள். இரண்டிலும் தொலைவில் ஒரு குறி, ஆழம் குறையும் இடத்தில் ஒரு குறி, மணலில் ஒரு குறி என மூன்று குறிகள் கொடுங்கள். மூன்றும் அந்த ஒரே விசித்திரத்தைச் சுட்ட வேண்டும். நம் பவளத்தீவில்: நூறு கொடிகள் அசைகின்றன, ஆனால் சத்தமே இல்லை, அலை பாறையில் மோதுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதில் விழும் சத்தம் அதோடு ஒத்துப்போகவில்லை, காலடி வைத்ததும், ஒரு மணி நேரத்துக்கு முன் அங்கே அழுத யாரோ ஒருவரின் குரல்.

கடைசி உருட்டல், மாற்றம்: 1 கடல் ஏறுகிறது, 2 கரை அரிக்கிறது, 3 நிலம் எழுகிறது, 4 வெளியார் உரிமை கோருகிறார்கள், 5 ஒரு வளம் தீர்ந்துபோகிறது, 6 விசித்திரம் பரவுகிறது. இதை மிகை என்று நினைக்க வேண்டாம். 1831இல் சிசிலிக்குத் தெற்கே கடலுக்குள்ளிருந்து ஓர் எரிமலைத் தீவு எழுந்தது. பிரிட்டன், பிரான்ஸ், இரு சிசிலிகள் இராச்சியம் மூன்றும் உரிமை கொண்டாடின. ஏறக்குறைய ஆறு மாதத்தில் அலை அதை அரித்து முடித்தது. நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீருக்குள் போயின. சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். இந்த இரண்டு செய்திகளில் எதை எடுத்தாலும் ஒரு மாத ஆட்டத்துக்குப் போதும். வட்டம் ஒன்று போட்டு ஆறாகப் பிரித்து, தீவில் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பங்கைக் கறுப்பாக்குங்கள். வட்டம் நிறைந்தால் என்ன நடக்கும் என்று முன்பே எழுதி வைத்திருங்கள். மேசையில் யோசித்தால் ஆட்டக்காரர்கள்மேல் இரக்கம் வந்து கையை இழுத்துக்கொள்வீர்கள்.

எல்லாவற்றையும் உள்ளங்கை அகல அட்டை ஒன்றில் அடக்குங்கள்: வரைபடம் ஒருபுறம், மூன்று விடைகளும் மூன்று குறிகளும் வட்டமும் மறுபுறம். இடம் போதவில்லை என்றால் விசித்திரம் ஒன்றுக்கு மேல் புகுந்திருக்கிறது. எடுத்து அடுத்த வாரத் தீவுக்கு வையுங்கள். ஆட்டம் முடிந்த இரவே, அடித்துவிட்ட சேர்க்கைக்கு ஈடாகப் புது வரி ஒன்றை அட்டவணையில் எழுதுங்கள். அன்று ஆட்டக்காரர்கள் தவறாக ஊகித்துச் சொன்ன ஒன்றையே எழுதலாம், அதற்கு மேசையில் பஞ்சமிருக்காது.