அடிபட்டது வேலையில், தவறு யாருடையது?

கேள்வி: வேலையில் இயந்திரத்தில் கை நசுங்கிவிட்டது. ‘உன் கவனக்குறைவுதான், இழப்பீடு கிடையாது’ என்கிறார் முதலாளி. அரசு உதவுமா?

பதில்: உதவும். கவனக்குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பல நாட்டுச் சட்டங்கள் கையை விரிப்பதில்லை. 1884-ல் ஜெர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டிலிருந்தே வேலையால் அடிபட்டதா என்பதுதான் முதல் கேள்வி. நடந்ததை முதலாளியிடம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். மருத்துவர் சீட்டில் ‘வேலையின்போது, இயந்திரத்தில்’ என்று இருக்கட்டும், வெறும் ‘கைக்காயம்’ என்றால் பிறகு இழுபறிதான். அப்புறம் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் படிவம், காலக்கெடு, மேல்முறையீடு எல்லாவற்றையும் கேளுங்கள். உங்கள் முதலாளியும் அங்கே கேட்கலாம் (சின்ன நிறுவனங்களில் விதி தெரியாததாலும் தகராறு வரும்). கை ஆறட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள், கெடு ஓடிக்கொண்டிருக்கும்.