சண்டை தெரியாத பாத்திரத்தை எடுத்தால் ஓரமாக உட்கார வேண்டியதுதானா?

பகடை உருட்டிக் கூட்டாகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வாள் தூக்காமல், கைத்திறனையும் பேச்சையும் நம்பும் பாத்திரத்தை எடுத்தால் குழுவுக்குப் பாரமாகிவிடுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக மாட்டீர்கள். ஆனால் பாத்திரத்தை எழுதும் முன், கதை நடத்தும் டிஎம்மிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: அறைக்கு அறை அடிதடியா, பேசவும் துருவவும் இடம் உண்டா? அடிதடி மட்டும்தான் என்பவரிடம் மூலிகை வைத்தியராகப் போய் நின்றால், கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் ஞாயிறுதோறும் ஆடுகிறோம். இப்போதைய கதை ஒரு மலைப்பாதையில் நடக்கிறது. ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தே டிஎம் அதை வரைந்திருக்கிறார், எந்த வளைவில் யாருக்குக் குமட்டும் என்பது உட்பட. குழுவில் ஒரு பெண்ணின் குடும்பத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. அவர் எடுத்திருப்பது வெள்ளி மதிப்பிடும் பாத்திரம். மூட்டையில் உரைகல், சின்னத் தராசு. ஆயுதம் என்று பார்த்தால் பழம் நறுக்குகிற கத்தி ஒன்று.

ஒரு வளைவில் கூலிப்படை மறித்தது. மற்றவர்கள் அம்பு எடுப்பதற்குள் இவர், “உங்களுக்குக் கொடுத்த கூலியில் ஒரு காசு காட்டுங்கள்” என்றார். வாங்கிக் கல்லில் இழைத்தார். டிஎம் பகடை உருட்டச் சொன்னார், நன்றாகவே விழுந்தது. “சுத்தம் ஐம்பது டச் (நூற்றுக்கு ஐம்பது) கூடத் தேறாது. பாதிக்குப் பாதி செம்பு. இதற்காகவா உயிரைக் கொடுக்கப் போகிறீர்கள்?” என்று அவர் கேட்டதும் கூலிப்படைக்குள்ளேயே தகராறு கிளம்பி, நாங்கள் பாட்டுக்கு மலையேறிப் போனோம். காசு கலப்படம் என்று டிஎம் அதற்கு முன் நினைத்ததே இல்லையாம். கேள்வி பிடித்துப்போய் அந்த இடத்திலேயே அப்படி முடிவு செய்திருக்கிறார்.

இந்த மாதிரிப் பாத்திரத்தின் பிழைப்பே இதில்தான் இருக்கிறது. கதைக்குள் கிடக்கும் ஒரு பொருளைக் கையிலெடுத்து, அதைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும். பார்ப்பவரிடமெல்லாம் “பேசி மசிய வைக்கிறேன், உருட்டட்டுமா?” என்று பகடையை நீட்டுகிறவர்களோடு ஒரே மேசையில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது.

எண்களும் உங்கள் பக்கம்தான். 2014 விதிகளில் ரோக் என்ற வகுப்புக்கு, அதாவது கைத்திறன் மிக்க திருடர் வகைப் பாத்திரத்துக்கு, முதல் நிலையிலேயே எக்ஸ்பர்டீஸ் உண்டு. இரண்டு திறன்களில் தேர்ச்சிப் புள்ளி 2 என்பது 4 ஆகிவிடும். அதற்குரிய பண்பு 16 என்றால் இன்னொரு 3 சேர்ந்து மொத்தம் 7. 20 முகப் பகடையில் விழும் எண்ணோடு இதைக் கூட்டி, நடுத்தரக் கஷ்டமான வேலைக்கு 15 எட்ட வேண்டும். உங்களுக்கு 65 சதவீத வாய்ப்பு. அந்தப் பயிற்சியில்லாத, பண்பும் 10 ஆக உள்ள வீரருக்கு 30 சதவீதம்தான். பூட்டுத் திறக்க வேண்டிய நேரத்தில் அவர்தான் உங்களுக்குப் பாரம்.

சரி, தப்பவே முடியாத சண்டை வந்துவிட்டால்? உங்கள் முறை வரும்போது “ஒளிந்துகொள்கிறேன்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் கொட்டாவிதான். ஹெல்ப் என்ற செயல் எல்லா வகுப்புக்கும் பொது. எதிரிக்கு ஐந்தடிக்குள் போய் அவன் கவனத்தைத் திருப்பினால், அவனைத் தாக்கும் தோழர் 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பாக இருந்த அடி 75 சதவீதமாகிறது. கிட்டே போகப் பயமென்றால் தரையில் இரும்பு நெருஞ்சிமுள்ளை இறைக்கலாம். பத்து முறை பயன்படும் மருத்துவப் பெட்டி ஒன்று இருந்தால், உயிர் ஊசலாடும் தோழரைப் பகடையே உருட்டாமல் சாவிலிருந்து நிறுத்திவைக்கலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய விதிகளில் எடுத்து வந்த தங்கத்துக்கும் அனுபவப் புள்ளி கிடைத்தது. அதனால் பூதத்தைத் தாண்டிப் பெட்டியை மட்டும் தூக்கி வருவதே அன்று சமர்த்து. சண்டையை நம்பாத ஆட்டம்தான் வேண்டும் என்றால் 1981இல் வந்த கால் ஆஃப் துலு என்ற திகில் ஆட்டத்தைப் பாருங்கள். அதில் பேராசிரியரும் வைத்தியரும் பத்திரிகையாளரும்தான் நாயகர்கள். பயன்படுத்தி வென்ற திறமை பின்னால் வளரவும் வாய்ப்புண்டு. அங்கே துப்பாக்கியை நம்புகிறவர்தான் சீக்கிரம் சாவார்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே போதும் என்றால், ரோக் எடுத்து மூன்றாம் நிலையில் தீஃப் கிளைக்குப் போங்கள். ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் கிடைக்கும்: பூட்டைத் திறப்பது, முள் இறைப்பது போன்றவற்றை போனஸ் செயலாகவே, அதாவது உங்கள் முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலாகவே, முடித்துவிடலாம், முழுச் செயல் கையில் மிச்சம். வில் ஒன்றும் முதுகில் கிடக்கட்டும். யாராவது கேட்டால் மாமா கொடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.