கிபுஞ்சி: ஊருக்குத் தெரிந்த குரங்கு

கே: கிபுஞ்சி என்ற ஆப்பிரிக்கக் குரங்கை 2003-இல்தான் கண்டுபிடித்தார்கள் என்று என் மகளின் புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. அதுவரை யார் கண்ணிலும் படாமலா இருந்தது? பார்க்க எப்படி இருக்கும்?
- ஒரு வாசகி, தேனி

ப: பட்டிருக்கிறது, நிறைய பேர் கண்ணில் பட்டிருக்கிறது! தெற்கு தான்சானியாவில் ருங்வே என்ற எரிமலையைச் சுற்றி வாழும் நியாக்யூசா மக்களுக்கு இந்தக் குரங்கு பழக்கமானதுதான், கிபுஞ்சி என்ற பெயரே அவர்கள் வைத்ததுதான். ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய் வேட்டைக்காரர்களிடம் பேசியபோது இந்தப் பெயர் அடிக்கடி வந்தது. ஆனால் அந்த மக்களின் கதைகளில் ஆவி விலங்குகளும் உண்டு என்பதால், இது நிஜமா கதையா என்று ஆராய்ச்சியாளர்களுக்குப் பிடிபடவில்லை. 2003 டிசம்பரில் நேரில் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். அதனால் 'கண்டுபிடித்தார்கள்' என்பதைவிட 'அறிவியல் பெயர் வைத்தார்கள்' என்பதே சரி என்பது என் கருத்து. மகளிடமும் அப்படியே சொல்லுங்கள்.

நீண்ட பழுப்பு முடி, கறுத்த முகம், கன்னத்தில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் மீசை, உச்சந்தலையில் நட்டுக்கொண்டு நிற்கும் முடிக் கொண்டை. வயிறும் நீண்ட வாலின் நுனிப்பகுதியும் வெளுப்பு. ருங்வே பக்கம் இது வாழும் காடு கிட்டத்தட்ட 2,450 மீட்டர் உயரம் வரை போகிறது, இரவில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் இறங்கும். அந்தக் குளிருக்குத்தான் இவ்வளவு அடர்ந்த முடி என்கிறார்கள்.

2005-இல் இதை முதலில் விவரித்தபோது கையில் உடல் எதுவும் கிடையாது, புகைப்படத்தை வைத்தே எழுதினார்கள். அப்புறம் ஒரு விவசாயி மக்காச்சோளக் கொல்லையில் வைத்திருந்த பொறியில் ஓர் இளம் கிபுஞ்சி சிக்கிச் செத்தது. அதன் மரபணுவைப் பார்த்தால், மரத்திலேயே வாழும் மாங்கபே குரங்குகளைவிடத் தரையில் திரியும் பபூனுக்குத்தான் நெருக்கம்! 2006-இல் தனிப் பேரினமே (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் பிரிவு) கொடுத்துவிட்டார்கள். ஆப்பிரிக்கக் குரங்குகளில் அப்படி நடந்து 83 வருஷம் ஆகியிருந்தது.

கே: அது எப்படிக் கத்தும்? என்ன சாப்பிடும்?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: வாத்தின் கத்தலும் நாயின் குரைப்பும் சேர்ந்தாற்போல, தாழ்ந்த சுருதியில் பலமாக. இலை, பழம், பூ, மரப்பட்டை, பாசி, பூச்சி எல்லாம் தின்னும். ஒரு கூட்டத்தில் சராசரியாக 30 இருக்கும், பெரும்பாலும் மரத்தைவிட்டு இறங்காது.

கே: இப்போது எத்தனை மிச்சம்?
- ஒரு வாசகர், ஊட்டி

ப: 2008-இல் வெளியான முதல் கணக்கு 1,117. அதுவும் ருங்வே-கிட்டுலோ, 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ந்டுண்டுலு, இந்த இரண்டே காடுகளில், மொத்தம் 18 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில். பிறகு எடுத்த கணக்கில் இரண்டாயிரத்தை நெருங்கியிருக்கிறது, மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனாலும் மரவெட்டு, கரிமூட்டம், பொறி எதுவும் ஓய்ந்துவிடவில்லை. மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிற விலங்குக்கு நடுவில் காடு அறுந்தால் அடுத்த கூட்டத்தோடு சேர வழியே இல்லை. ருங்வே காட்டுக்கும் பக்கத்து லிவிங்ஸ்டன் காட்டுக்கும் நடுவே புஜிங்கிஜிலா என்ற இடத்தில் அப்படித்தான் அறுந்து கிடந்தது, அங்கே இப்போது உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு வளர்க்கிறார்கள்.