செம்மஞ்சள் முதுகு

வணக்கம் ஐயா,

உப்புவெளியில் எங்கள் வளவுத் தென்னையில் ஒரு மரங்கொத்தி வந்து கொத்தும். அதன் முதுகு பொன்மஞ்சளும் இல்லை, இரத்தச் சிவப்பும் இல்லை, நடுவில் ஒரு செம்மஞ்சள். வடக்கு மஞ்சளும் தெற்குச் சிவப்பும் கலந்தது என்கிறார்கள். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "கலப்பு நல்லதெண்டால் இலங்கை முழுக்கச் செம்மஞ்சள் ஆகியிருக்க வேணும். கூடாதெண்டால் இயற்கைத் தேர்வு அதை அழிச்சிருக்க வேணும். ரெண்டும் நடக்கேல்லையே, ஏன் சேர்?" சட்டென்று பதில் வரவில்லை.

— உப்புவெளி வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இயற்கைத் தேர்வு என்பது ஒருமுறை துடைத்துவிட்டுப் போகிற வேலை என்று நினைத்தால்தான் இது முரணாகத் தெரியும். வேம்பு நிற்கிற முற்றத்தை யோசியுங்கள். தினமும் காலையில் கூட்டுகிறோம், அடுத்த நாளும் சருகு கிடக்கிறது. கூட்டவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை. மரம் நிற்கும்வரை இலை விழும்.

இங்கே மரம் என்பது இரு பெற்றோர் இனங்கள். முல்லைத்தீவுப் பக்கமிருந்து மஞ்சள் பறவைகளும் தெற்கிலிருந்து சிவப்புப் பறவைகளும் தலைமுறைதோறும் நடுவே வந்து சோடி சேர்கின்றன. அப்படிக் கலக்கிற நடுப்பட்டையை வலயம் என்போம். கலப்புக் குஞ்சுகள் சராசரியாகக் குறைந்த வாரிசுகளையே விட்டுச்செல்லும் என்றால், தேர்வு அவற்றைக் கழித்தபடியே இருக்கும், வருகையும் நிற்காது. வருகை வலயத்தை அகட்டப் பார்க்கும், தேர்வு ஒடுக்கப் பார்க்கும். இரண்டும் சமன்படுகிற அகலத்தில் வலயம் நிற்கும். பரிணாம உயிரியலாளர்கள் நிக் பார்ட்டனும் கோட்ஃப்ரி ஹெவிட்டும் 1985இல் இதை விரிவாக எழுதினார்கள். இழுவிசை வலயம் என்று சொல்லலாம். பறவை பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போய்க் கூடு வைக்கிறதோ அவ்வளவுக்கு அகலம் கூடும். தேர்வு நாலு மடங்கு கடுமையானால் அகலம் பாதியாகும். தேர்வே இல்லையென்றால் வலயம் விரிந்துகொண்டே போய், மாணவி சொன்ன மாதிரி நாடே செம்மஞ்சளாகிவிடும்.

போலந்தின் கிராக்கோவ் அருகே சமவெளிக் குளத்துச் சிவப்பு வயிற்றுத் தேரையும் மேட்டுநிலக் குட்டைகளின் மஞ்சள் வயிற்றுத் தேரையும் கலக்கின்றன. அந்த வலயம் ஏறத்தாழ 6 கிலோமீற்றர்தான். கலப்புக் கருக்கள் கூடுதலாகச் சாகின்றன. முற்றம் கூட்டப்படுவது அங்கே கண்ணுக்கே தெரிகிறது.

ஆனால் எல்லா வலயத்துக்கும் இதே கதை இல்லை. வட அமெரிக்காவில் ஃபிளிக்கர் என்றொரு மரங்கொத்தி உண்டு. கிழக்கில் சிறகின் தண்டு மஞ்சள், மேற்கில் சிவப்பு, நடுவில் நம்முடையது போலவே செம்மஞ்சள். அந்தக் கலப்புகள் பிள்ளை பெறுவதில் பின்தங்கியதாக அவற்றை ஆராய்ந்த வில்லியம் மூருக்குத் தெரியவில்லை. நடுவிலிருக்கிற சூழலில் கலப்புக்கே சாதகம், வெளியே போனால் பெற்றோரிடம் தோற்கும் என்று அவர் 1977இல் வாதிட்டார். அப்படியானால் "நல்லதா கூடாதா" என்ற கேள்வியோடு "எந்த இடத்தில்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேணும். எனக்கு அந்தக் கேள்விதான் பிடித்தது.

சரி, நம்ம ஊர். புத்தளம், கெக்கிராவை, உங்கள் உப்புவெளி இருக்கிற திருகோணமலை என்று இந்தக் கலப்பு காணப்படும் இடங்களைப் பறவை நூல்களே குறித்திருக்கின்றன. 2016இல் சமிந்த பெர்னாண்டோ, டேரன் இர்வின், சம்பத் செனவிரத்ன ஆகிய ஆய்வாளர்கள் இறகையும் மரபணுவையும் ஆராய்ந்து, சிவப்பு முதுகுப் பறவையைத் தனி இனமாகவே கொள்ளலாம் என்றார்கள். இவ்வளவு கலந்தும் இரு பக்கமும் தனித்தனியாகவே நிற்கின்றன. அதனால் என் சாய்வு முற்றக் கதையின் பக்கம்.

அந்தப் பறவை அடுத்தமுறை வந்தால் அதன் சோடியின் முதுகையும் பாருங்கள். கொண்டையின் சிவப்பை நம்ப வேண்டாம், அது இரண்டு இனத்துக்கும் உண்டு. முன்நெற்றி கறுப்பாகி அதில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பெண். சோடி மஞ்சளா, சிவப்பா, அதுவும் செம்மஞ்சளா என்று மாணவியையே குறித்துவைக்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.