சோயா பாலும் குங்குமப்பூவும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

சிங்கப்பூரில் வசிக்கிறேன். வயது 34. கணவர் சீனர். எங்கள் கலப்புக் குடும்பத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். நான் மாசமாக இருந்தபோது மாமியார் தினமும் சோயா பால் வாங்கி வந்து, "குடி, பிள்ளை வெள்ளையாகப் பிறக்கும்" என்பார். கறுப்பு சாஸ் பக்கமே என்னை விடமாட்டார். அதே மாதம்தான் திருச்சியிலிருந்து அம்மா குங்குமப்பூ அனுப்பினார். பிறந்த மகனை 'இந்தியர்-சீனர்' என்று பதிந்தோம். 2011 முதல் அப்படிப் பதிய முடிகிறது. மாமியார் அதற்கு முகம் சுளிக்கவில்லை.

சோயா பால் கதையை எழுதினேன். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாத்தனார் அதை மாமியாருக்குச் சீனத்தில் சொல்லிவிட்டார். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்தில் மாமியார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நிறவெறியைக் கிண்டல் செய்தது தப்பா?

அன்புச் சகோதரி,

நிறவெறியைக் கிண்டல் செய்தது தப்பில்லை. ஆனால் அம்மாவின் குங்குமப்பூ கட்டுரையில் இருந்ததா? எனக்குச் சொன்னீர்கள், வாசகர்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நம்பிக்கைதான். ஒன்றை மட்டும் எழுதியதால், நிறம் பார்ப்பது சீனர்களின் குணம் என்று ஆகிவிட்டது.

கனடா உளவியலாளர் ராட் மார்ட்டினும் சக ஆய்வாளர்களும் 2003இல் நகைச்சுவையை நான்காகப் பிரித்தார்கள்: உறவை நெருக்கமாக்குவது, கஷ்டத்தைத் தாங்க உதவுவது, பிறரை மட்டம் தட்டுவது, தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது. நீங்கள் இரண்டாவதாக நினைத்து எழுதியது மாமியாருக்கு மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அந்த சோயா பால் உங்களுக்கு வலித்திருக்கிறது. "என் நிறத்தில் பிள்ளை பிறந்தால் என்ன குறை?" என்று அவரிடம் கேட்கவே இல்லை. முகம் தெரியாத வாசகர்களிடம் சிரிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். அவருக்கோ உங்கள் மனவருத்தமே இன்னும் தெரியாது. கேலி மட்டும்தான் தெரியும்.

எழுதுவதை நிறுத்தாதீர்கள். முதலில் நேரில் போங்கள். கணவர் கூட வரட்டும், மொழிபெயர்க்க மட்டும். கேட்காமல் எழுதியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் அந்த வார்த்தை வலித்ததையும், உங்கள் அம்மாவும் குங்குமப்பூ அனுப்பியதையும் சொல்லுங்கள். அவர் அன்றே பேசிவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். போகும்போது ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போங்கள். சோயா பால் வேண்டாம், குத்திக்காட்டுவது போல் இருக்கும்.