சூனியக்காரிக்குக் காதல் வந்தால்: கேள்வி பதில்

பதின்ம வயதினருக்கான சூனியக்காரி நாவல் எழுதப் பார்க்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சிலவற்றில் நிறையக் கதைக்க இருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். குறைநினைக்க வேண்டாம்.

கே: அக்கா, நான் வாசித்ததெல்லாம் பனிக்காடு, கோட்டை, கூர்த்தொப்பி. கொக்குவிலில் இருந்துகொண்டு இப்படி ஒரு கதை எழுதினால் எடுபடுமா? (ஏ.எல். மாணவி, கொக்குவில்)

எடுபடும் தங்கச்சி. ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பொட்டு வைத்தால் மட்டும் காணாது. அந்தக் கதைகளில் உள்ள பயம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை சூனியக் குற்றம் சாட்டிப் பல்லாயிரம் பேரைக் கொன்றார்கள். அதில் பெரும்பாலானோர் பெண்கள். அமெரிக்காவின் சேலத்தில் 1692இல் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். நீதிமன்றமும் தேவாலயமும் துரத்துகிற பெண் அந்த வரலாற்றிலிருந்துதான் வருகிறாள்.

எங்கள் ஊரில் சூனியக்காரியைத் தேடுவது பக்கத்து வீட்டுக்காரி. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, பேசி முடித்த கலியாணம் குழம்பிவிட்டது, உடனே வேலி மூலையில் யாரோ மந்திரத் தகடு புதைத்துவிட்டார்கள் என்ற கதை கிளம்பும். ஒருவர் வருவார். தேசிக்காய் வெட்டுவார், நீற்றுப்பூசணிக்காய் உடைப்பார், கழிப்புக் கழித்துச் சந்தியில் கொண்டுபோய்ப் போடுவார்கள். விடிய டியூஷனுக்குப் போகிற பெட்டை அந்தத் தேசிக்காய்ப் பாதியில் டயர் படாமல் சைக்கிளை வளைத்துக்கொண்டு போவாள். உங்கள் கதாநாயகி அந்தச் சைக்கிளில் இருக்கட்டும். தேசிக்காய் வெட்டியது தன் அம்மம்மாதான் என்பது அந்தச் சந்தியில் அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

கே: ஐந்து அத்தியாயம் மந்திர உலகத்தை விபரித்தேன். ஆறாவதில் காதல் தொடங்கியதும் உலகம் காணாமல் போய்விட்டது. எதைக் குறைப்பது? (பல்கலைக்கழக மாணவன், திருநெல்வேலி)

ஒன்றையும் குறைக்க வேண்டாம் தம்பி. இரண்டையும் வேறு வேறாகக் கட்டியதுதான் பிழை. தமிழில் காதலைப் பாடியவர்கள் நிலத்தையும் பொழுதையும் விட்டுவிட்டுப் பாடவில்லை. தொல்காப்பியம் அவற்றை முதற்பொருள் என்கிறது. நெய்தல் என்றால் கடற்கரையும் அதோடு இரங்கலும், அதாவது பிரிவில் ஏங்குவதும். மலை என்றால் களவு, அதாவது ஊருக்குத் தெரியாத காதல் சந்திப்பு.

மந்திரமும் அதற்குள்ளேயே இருக்கிறது. காதலில் மெலிந்த மகளுக்கு முருகு, அதாவது முருகன், ஏறிவிட்டது என்று தாய் நினைத்து, முருகனின் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு என்கிற சாமியாட்டம் எடுப்பாள். குறுந்தொகையின் 23ஆம் பாட்டைப் பாருங்கள், ஔவையார் பாடியது. குறி சொல்ல வந்த கிழவி மலைகளைப் பாடிக்கொண்டு போகிறாள். நடுவில் தோழி, அவருடைய மலையைப் பாடினாயே, அந்தப் பாட்டை இன்னும் பாடு என்கிறாள். யார் அந்த ‘அவர்’ என்று தாய் நிமிர்ந்து பார்த்திருப்பாள் இல்லையா? குறி பார்க்கும் சடங்கிலேயே களவு வெளிப்பட்டுவிடுகிறது. ஆறாம் அத்தியாயத்துக்கு வேண்டியது இதுதான். மந்திரம் நடக்கிற இடத்திலேயே காதல் பிடிபட வேண்டும்.

கே: மந்திரத்துக்கு விதி வேண்டும், விலை வேண்டும் என்கிறார்கள். மூக்கால் இரத்தம் வருவதும் மயங்கி விழுவதும் எனக்கு அலுத்துவிட்டது. வேறு என்ன விலை வைக்கலாம்? (ஆசிரியை, சாவகச்சேரி)

நல்ல கேள்வி ரீச்சர். இதற்குத்தான் நான் காத்திருந்தேன். மயக்கம் அவளோடு முடிந்துவிடும், அடுத்த அத்தியாயத்தில் எழும்பிவிடுவாள். விலையை இன்னொருவர் கொடுக்கும்படி வையுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கிற உப்பு மேலே ஏறும். நிலாவரைக் கிணற்றிலும் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். இனி, உங்கள் பெண் நீரிலிருந்து மந்திரம் எடுக்கிறாள் என்று வையுங்கள். அவள் ஒருமுறை பெரிதாக எடுத்தால் அவளுடைய கிணறு நன்றாகத்தான் இருக்கும், வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிணறு உவர்த்துப்போகும். அந்தப் பக்கத்தில்தான் அவன் வெங்காயம் நட்டிருக்கிறான். காதலும் வந்துவிட்டது, தடையும் வந்துவிட்டது, வில்லன் என்று தனியாக ஒருவரைத் தேடத் தேவையில்லை.

மந்திரம் யாருக்குச் சேரும் என்பதற்கும் எங்களிடம் கணக்கு இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். பரம்பரையாக வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். பழைய வழக்கத்தில் தாயின் சீதனம் மகளுக்குத்தான் போகும். மந்திரத்தை அப்படியே சீதனமாக்குங்கள். அதே சட்டத்தில், கலியாணமான பெண் தன் பெயரில் இருக்கிற காணியை விற்பதற்கும் புருசன் சம்மதிக்க வேண்டும். அப்படியென்றால் இவள் அவனைக் கட்டினால், அம்மம்மா தந்த மந்திரத்தைத் தன் மகளுக்குக் கொடுக்கவும் அவன் கையெழுத்து வேண்டும்! அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவள் ஒரு இரவாவது நித்திரை கொள்ளாமல் யோசிப்பாள். அந்த இரவுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுக்கலாம்.

கே: என் நாயகன் சூனியக்காரிகளை வேட்டையாடுகிறவன். பகையிலிருந்து காதல் என்றால் வாசகர்களுக்குப் பிடிக்கும்தானே? (பருத்தித்துறை)

பிடிக்கும். ஆனால் இந்த ஊரில் துவக்கு வைத்திருந்தவர்களைப் பார்த்து வளர்ந்த வாசகர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேறு விதமாக வாசிப்பார்கள். ஆயுதம் வைத்திருக்கிறவன் அன்பாகப் பேசும்போது ‘இல்லை’ என்று சொல்ல அவளுக்கு வழி இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். அவன் ஆயுதத்தைக் கீழே வைத்தபிறகு காதல் தொடங்கட்டும். அவனுடைய ஆட்கள் அவனைத் துரத்தட்டும், அவன் இழக்கவும் ஏதாவது இருக்கட்டும். நீலக் கண்ணும் சோகப் பழங்கதையும் அவன் செய்ததற்கு ஈடாகாது.

கே: நாயகனுக்கு 300 வயது, பார்க்க 18. நாயகிக்கு 16. பிரச்சினையா?

ஓம், பிரச்சினைதான். எங்கள் பொதுச் சட்டத்தில் திருமண வயதே 18. 300 வருசம் வாழ்ந்தவன் பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு என்ன கதைப்பான்? அவளுக்கு வயதைக் கூட்டுங்கள், அல்லது அவனைத் தாத்தாவாக்கி மந்திரம் படிப்பிக்க விடுங்கள்.

கே: அம்மாவும் வாசிப்பா. முத்தக் காட்சி வைக்கலாமா அக்கா? (மானிப்பாய்)

வைக்கலாம் பிள்ளை, அம்மாவும் அந்த வயதைக் கடந்துதான் வந்தவா. ஆனால் அதற்கு முந்தின பக்கங்களில்தான் உங்கள் வேலை இருக்கிறது. பங்குக் கிணறு ஒன்றை எடுங்கள். ஒருநாள் இவர்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. தன் முறை முடிந்ததும் அவள் கயிற்றைச் சுருட்டிக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்துவிட்டுப் போவாள். இன்றைக்கு வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் வாங்க வேண்டும். ஈரக் கயிறு, இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண். பின்னால் அவளுடைய மாமி உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கிறா, சத்தம் சடாரென்று நின்றுவிட்டது. இதை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். முத்தம் வேண்டுமா என்று பிறகு முடிவெடுக்கலாம்.

கே: புத்தகத்தின் முன்பக்கத்தில் வரைபடம் போட வேண்டுமா? (வேலணை)

அச்சில் போடாவிட்டாலும் உங்கள் மேசையில் ஒன்று இருக்க வேண்டும். ஒழுங்கை, கோயில், கிணறு, எந்த வேலியில் பொட்டு, அதாவது ஆள் நுழைகிற ஓட்டை, இருக்கிறது என்பதெல்லாம் அதில் வேண்டும். தூரம் பிழைத்தால் ஊர்க்காரர் உடனே பிடித்துவிடுவார்கள். முக்கியமாக, இருவரும் ஓடிப்போகிற கதை என்றால் எதால் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். குடாநாட்டை விட்டுத் தெற்கே போகப் பெரிய பாதை இரண்டுதான், ஆனையிறவும் சங்குப்பிட்டியும். சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது 2011இல். உங்கள் கதை அதற்கு முன்னால் நடந்தால் அந்தப் பாலத்தில் அவர்களை ஏற்றிவிடாதீர்கள்.