வட அமெரிக்கப் பழங்குடிகளான ஹோடெனஷோனி மக்கள் பனிக்காலத்தில் மட்டும்தான் கதை சொல்வார்களாமே, இது மூடநம்பிக்கை இல்லையா?

கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். யாரிடமோ கதை கேட்டுக் கிடைக்காத கோபம் போலிருக்கிறது. எனக்கும் அந்தக் கோபம் வந்ததால்தான் எழுதுகிறேன். நான் மானுடவியல் படித்தவன் அல்ல. கனடாவின் ஒன்டாரியோவில், கிராண்ட் ஆற்றுப் பக்கம் அவர்கள் வாழும் ஓஸ்வேகன் என்ற ஊருக்கு என் வீட்டிலிருந்து காரில் போய்வரலாம், அவ்வளவுதான் என் தகுதி.

ஒரு ஜூலையில் அங்கே பவ்வாவ் என்ற பழங்குடி ஆட்டபாட்டத் திருவிழா பார்க்கப் போயிருந்தோம். மகளுக்கு மக்காச்சோள மடலில் செய்த பொம்மை ஒன்று வாங்கினேன். பாவாடை, சடை எல்லாம் இருந்தது, முகம் மட்டும் இல்லை. "ஏன் கண்ணே இல்லை?" என்றாள் மகள். "அது ஒரு கதை" என்றார் கடைப் பாட்டி. நான் சட்டென்று போனை நீட்டி ரெக்கார்டிங்கைத் தட்டினேன். போனை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "பனி விழட்டும், வாங்க." காசு கொடுத்து வாங்கியவனுக்குக் கதை கிடையாதா என்று வழியெல்லாம் பொருமினேன். பின் சீட்டில் மகள் பால்பாயின்ட் பேனாவால் பொம்மைக்கு இரண்டு கண் போட்டுவிட்டாள்.

ஜனவரியில் ஒரு நூலகத்தில் கதை கேட்கப் போனோம். வானத்திலிருந்து விழுந்த பெண்ணைப் பறவைகள் சிறகில் தாங்கி ஆமை முதுகில் இறக்குகின்றன. மஸ்க்ராட் என்ற நீரெலி முங்கிப்போய் ஒரு பிடி மண் கொண்டுவர, அதுதான் பூமியாக வளர்கிறது. கதை சொன்னவர் நடுநடுவே "ஹோ" என்பார், நாங்கள் "ஹே" என்க வேண்டும். நம் பாட்டிகளுக்கு உம் கொட்டுவோமே, அதேதான். கோடையில் சொன்னால் பாம்பு படுக்கைக்கு வரும், தேனீ உதட்டில் கொட்டும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் வயலில் நிற்கும்போது ஊரே கதை கேட்டு உட்கார்ந்தால் களை எடுப்பது யார்? இதற்கும் "பகுத்தறிவு" என்று பின்னூட்டம் போடுகிறவர்கள் போடுங்கள்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எந்தப் பருவத்திலும் கதை கிடையாது. ஆண்டு விழா டான்ஸ் ஒத்திகைதான். கட்டணம் மட்டும் செப்டம்பரிலேயே கட்டிவிட வேண்டும். சரி, அதை விடுங்கள்.

கடைசியாகப் பொம்மைக் கதை வந்தது. குழந்தைகளுக்குத் துணையாக இருக்கப் படைத்த பொம்மை, தண்ணீரில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு அவர்களை மறந்துவிட்டது. அதனால் முகம் போயிற்று. மகள் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். மை போகவில்லை, மடல்தான் கிழிந்தது.